அம்மணியின் எடை

தராசுத் தட்டில் மல்லாந்து கிடந்த குழந்தை தன் கால் கட்டைவிரலைப் பிடிக்க முயன்று, ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் முன்னதாகவே களைத்துக் கையை விட்டது. சிவப்பு எண்கள் ஆறு முந்நூறுக்கும் ஆறு ஐந்நூறுக்கும் இடையில் தடுமாறின. கனகம் குனிந்து காத்திருந்தாள். அசையும் குழந்தையை நிறுக்க அவசரம் உதவாது என்பதை அந்த அங்கன்வாடியின் இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் கற்றிருந்தாள். குழந்தை மூச்சை உள்ளிழுத்து, வெளிவிடுமுன் ஒரு கணம் தன்னை மறந்து கிடக்கும். அப்போது எண்ணும் நிற்கும். நின்றது. ஆறு கிலோ நானூறு.

சுவரில் ஒட்டியிருந்த வளர்ச்சி அட்டவணையை அவள் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. பதினான்கு மாதப் பெண்குழந்தைக்கு ஒன்பது கிலோவை ஒட்டி இருக்கவேண்டும். ஏழரைக்குக் கீழே மஞ்சள், ஆறு அறுநூறுக்குக் கீழே சிவப்பு. ஆறு நானூறு சிவப்பு. தாய் அன்புக்கரசி எதிரே சுவரோரம் நின்று, தட்டைப் பார்க்காமல் கனகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. தேங்காய்க் களத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேரே வந்திருக்கிறாள் என்பது முழங்கை வரை ஒட்டியிருந்த நார்த்தூசியில் தெரிந்தது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு உரிக்கும் வேலைக்குப் போன குடும்பம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்துப் பத்து நாட்களுக்கு முன்புதான் காங்கேயத்தை அடுத்த இந்த ஊருக்குத் திரும்பியிருந்தது.

"எவ்வளவுங்க டீச்சர்?"

"ஆறு நானூறு கண்ணு. பட்டியல்ல ஏத்திப்போட்டா சத்துமாவு, பிஸ்கட்டு, ஊட்டச்சத்துப் பெட்டகம் எல்லாம் வரும். மூணே மாசத்துல தேறிக்கும். நீ உக்காரு."

பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. கடும் எடைக்குறைவுள்ள குழந்தைகளின் பெயர்களை அதற்குள் கைப்பேசிச் செயலியில் ஏற்றினால்தான் அடுத்த காலாண்டுக்கான இருப்பு அவர்கள் பெயரில் வரும். ஏற்றாவிட்டால் மார்கழி கடந்துதான் மறு பட்டியல். ஆறு நானூறு மார்கழி வரை காத்திருக்குமா என்ற கேள்வியைக் கனகம் கேட்டுக்கொள்ளவில்லை. சில கேள்விகளுக்கு விடை தெரிந்திருப்பதே கேட்காமலிருப்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

மணி இரண்டு ஐம்பது. அவள் அன்புக்கரசியின் ஆதார் எண்ணை இட்டாள். பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது.

"பேரு என்ன போடறது?"

"இன்னும் வெக்கலீங்க. கோயலுக்குப் போயி மொட்டையடிச்சுக் காது குத்துறப்பத்தான் எங்கூட்டுல பேரு வெக்கறது. இப்பத்திக்கு அம்மணின்னே போட்டுக்குங்களே."

கனகத்தின் விரல் திரையின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு தட்டியது. வட்டம் சுழன்றது. சிவப்புப் பட்டையில் ஒரு வாசகம் வந்தது: *இத்தாயின் குழந்தை 'அம்மணி' இடம்பெயர்வு நிலுவையில் உள்ளது. அப்பதிவை முடித்த பின்னரே புதிய பதிவைத் தொடங்க இயலும்.* பெயரை 'பாப்பா' என்று மாற்றிப் பார்த்தாள். அதே வாசகம்.

கொங்குநாட்டில் அம்மணி என்பது யாருடைய பெயரும் அல்ல. அதனாலேயே எல்லாருடைய பெயரும்கூட. மகள் அம்மணி, மருமகள் அம்மணி, மனைவி அம்மணி. பேருந்தில் படியோரம் நிற்கும் கல்லூரிப்பெண்ணும் நடத்துநருக்கு அம்மணி. பொள்ளாச்சிப் பக்கத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ வந்த கனகத்தின் நாவிலும் அந்தச் சொல் மற்றவர்களிடம் போலவே ஒட்டிக்கொண்டது. அன்பையும் மரியாதையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் சொல். யாரைக் குறிக்கிறது என்பதைப் பேசுகிறவர்களின் கண்களுக்கு விட்டுவிடும் சொல்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அன்புக்கரசிக்கு இன்னொரு மகள் இருந்தாள். பெயர் வைக்காத குழந்தை, பதிவேட்டில் அம்மணி. பத்து மாதத்தில் ஏழு கிலோ நூறு. அது நவம்பர் மாத எடை, கனகம் தன் கையால் நிறுத்தது. அந்த வாரமே குடும்பம் மேட்டுப்பாளையம் போனது. அன்புக்கரசியின் கணவன் மயில்சாமி மட்டும் பூட்டிய வீட்டைப் பார்க்க மாதம் ஒருமுறை வந்துபோனான். டிசம்பர்க் கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் அவனைக் கண்ட கனகம், அந்த மாத எடைக் கட்டம் நிரம்பாமல் இருப்பது நினைவுக்கு வர, "ஏனுங்க மயில்சாமி, அம்மணி எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்தபடி, "இப்பத் தேவலைங்க டீச்சர். நாலு நாளா சோறு திங்குது" என்றான். சோறு தின்கிற குழந்தை இருநூறு கிராமாவது ஏறியிருக்கும். ஏழு முந்நூறு என்று எழுதினாள். ஜனவரியில், "மேலு கொஞ்சம் தேறியிருக்குதுங்க" என்றான். ஏழு அறுநூறு. பிப்ரவரியில் அவனைக் காணவே இல்லை. ஏழு எண்ணூறு.

மார்ச்சில் உதவியாளர் ராசாத்தாள் எங்கோ ஒரு விசேஷ வீட்டிலிருந்து செய்தியைக் கொண்டுவந்தாள். குழந்தை டிசம்பர் முதல் வாரத்துக்குப் பின் ஒரு நாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. அங்கேயே அடக்கம். அதன்பிறகு அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடந்து, மெல்லத் தேறியவள் அன்புக்கரசி. மயில்சாமி மனைவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். டீச்சர் தாழ்ந்த குரலில் விசாரித்ததைத் துக்கம் கேட்பதாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் எண் பிழை, இரண்டாவதும் பிழை என்று கனகம் தனக்குள் பலமுறை வாதாடியிருக்கிறாள். மூன்றாவதற்கு அவளிடம் வாதம் இல்லை. அது வெறும் பழக்கம். காலிக் கட்டத்தைக் கண்டால் பொறுக்காத கையின் பழக்கம். நூறு விழுக்காடு பதிவு முடித்த மையம் என்று அவளுக்குக் கிடைத்த இரண்டு பாராட்டுச் சான்றிதழ்கள் சமையலறை நிலைப்படிக்கு மேலே மாட்டியிருந்தன. அவற்றில் ஒன்று அந்த ஆண்டுக்கானது. இறந்த தேதியை எழுதினால் அந்த மூன்று எடைகளும் எழுந்து நின்று பேசும். அவள் அன்றைக்கு 'இடம்பெயர்ந்தார்' என்ற கட்டத்தில் தட்டினாள். முழுப் பொய்யும் அல்ல என்று தோன்றியது. குழந்தை எங்கோ இருப்பதாகவே இயந்திரம் மூன்றாண்டுகளாக நம்பிக்கொண்டிருக்கிறது.

"ஏற மாட்டீங்குதுங்களா?" என்று கேட்டபடி ராசாத்தாள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "இந்தப் போனுப் பொட்டிக்கு நம்மூருக்காரங்க மூஞ்சியே புடிக்கறதில்லீங்க. போன மாசம் பொங்கியண்ணன் மருமவ பவுடரு போட்டுட்டு வந்துச்சு, ஆளே வேறன்னு சொல்லிப்போடுச்சே. கழுவிக்கிட்டு வந்தப்புறந்தான் மாவு குடுத்துச்சு."

"மூஞ்சியப் போட்டோ புடிக்கறது அப்புறங்க்கா. அதுக்கு முன்னாடியே நிக்குது."

"அப்ப உள்ள இருக்கற மாவுல ரெண்டு பாக்கெட்டக் குடுத்து அனுப்புங்க. புள்ளையப் பாத்தா வயிறு எரியுது."

"ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு மூஞ்சி இருக்குதுக்கா. ரெண்டு எடுத்தா ரெண்டு புள்ளைக்கு இல்லாமப் போகும். எடுத்தாலும் எத்தன நாளைக்கு?"

கனகம் கைப்பேசியுடன் வாசற்படிக்கு நகர்ந்து மேற்பார்வையாளர் பிரத்யுஷாவை அழைத்தாள். கோவையிலிருந்து வந்துபோகிற பெண்; கனகத்தைவிட இருபத்தைந்து வயது இளையவள்; மரியாதை தெரிந்தவள். எடையையும் அந்தச் சிவப்பு வாசகத்தையும் கேட்டதும் அவள் குரல் கூர்மையானது.

"அக்கா, இது இன்னைக்கு ஏறியே ஆகணுங்க. மூத்த குழந்தை என்னாச்சு?"

"அது இப்ப இல்லீங்க மேடம்."

"இல்லீங்கன்னா?"

வாசலுக்கு எதிரே களத்துக்காரர்களின் டெம்போ ஒன்று தேங்காய் மட்டைகளை உதிர்த்தபடி போனது. கனகம் வாசற்படியிலிருந்து ஓர் அடி கீழே இறங்கினாள். "இங்க இல்லீங்க."

"அப்பச் சுலபங்க. பேரும் ஒண்ணு, அம்மாவும் ஒண்ணு. பழைய பதிவைத் திறந்து, 'மீண்டும் சேர்ந்தார்'னு குடுத்து, பிறந்த தேதியைத் திருத்திப் போடுங்க. ஒரு தடவை திருத்த விடும். மத்த வழியெல்லாம் என் அப்ரூவலுக்கு வந்து, மேலே போயி, ஒரு வாரம் ஆகும். அஞ்சு மணிக்கு முடிச்சுருங்கக்கா."

சுலபம்தான். உயிரோடிருக்கும் குழந்தையை இறந்த குழந்தையின் கட்டத்துக்குள் இறக்கிவிட்டால் போதும். சாவு இல்லை, சாவுக்குப் பிந்தைய எடையும் இல்லை. ஏழு எண்ணூறிலிருந்து ஆறு நானூறுக்கு இறங்கிய ஒரு குழந்தை மட்டும் இருக்கும். எல்லாருக்கும் நல்லது செய்கிற வழி தனக்கும் நல்லதாகவே அமைந்துவிட்டதை எண்ணிக் கனகத்துக்கு ஏனோ நெஞ்சு லேசாகவில்லை. படியேறி உள்ளே வந்தபோது அன்புக்கரசி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் வாயில் தன் சுட்டுவிரலைக் கொடுத்திருந்தாள். குழந்தை அதைச் சப்பவும் சோம்பியது.

பழைய பதிவைத் திறக்க ஓர் எண் வேண்டும். அது மயில்சாமியின் கைப்பேசிக்குத்தான் போகும். முதல் முறை அழைத்தபோது மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும். களத்தில் சட்டையைக் கழற்றி எங்காவது மாட்டிவிட்டு மட்டை உரித்துக்கொண்டிருப்பான் என்றாள் அன்புக்கரசி. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் எண்ணை மூன்று தடவை வரவழைத்தார்கள். மூன்று ஐம்பதுக்கு அவனே அழைத்தான்.

"ஏனுங்க டீச்சர், பேங்குக்காரன் மாதிரியே நம்பரா வருதுங்க? சொல்லலாங்களா, இல்ல எவனாச்சும் ஆட்டையப் போட்டுருவானா?"

"நாந்தாங்க அனுப்பச் சொன்னது. கடைசியா வந்ததைச் சொல்லுங்க."

அவன் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, கனகம் திரையில் இட்டாள். சொல்லி முடித்துவிட்டு, "அம்மணி பக்கத்துல இருக்குதுங்களா? நாலரைக்கு லோடு ஏத்தோணுமாம், மேஸ்திரி கத்தறாருன்னு சொல்லுங்க" என்றான்.

கனகத்தின் காதில் பேருந்து நிறுத்தத்தின் அந்தப் பழைய இரைச்சல் ஒரு கணம் வந்துபோனது. அவள் கைப்பேசியை அன்புக்கரசியிடம் நீட்டினாள். "வாரேன், வாரேன். வேல முடியாம எப்படி வாரது?" என்று அவள் கணவனிடம் சொல்லிவிட்டுத் துண்டித்தாள். கைப்பேசியைத் திருப்பித் தருவதற்குள் பழைய பதிவு திறந்துகொண்டது. வளர்ச்சிக் கோடு. புள்ளிகளை இணைத்துச் செல்லும் பச்சைக் கோடு, அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில் சற்றே சரிந்து, பிறகு மூன்று புள்ளிகள் மேலேறி நின்றது.

அன்புக்கரசி பத்தாவது வரை படித்தவள். கைப்பேசியை அவள் திருப்பித் தரவில்லை.

"இதாருதுங்க?"

ராசாத்தாள் எதற்கோ சமையலறைக்குள் போனாள்.

"நவம்பரு ஏழு நூறு. அது சரிங்க. இங்கிருந்து போறப்ப நீங்கதான் சொன்னீங்க, இருநூறு கொறஞ்சுபோச்சு, நல்லாப் பாத்துக்க கண்ணுன்னு." அவள் விரல் கோட்டின் மேல் ஊர்ந்தது. தொட்ட இடத்தில் எண்கள் ஒவ்வொன்றாகப் பெரிதாகின. "டிசம்பரு இருபத்தெட்டு. ஏழு முந்நூறு." சிறிது நேரம் அந்த எண்ணிலேயே விரல் நின்றது. "கார்த்திக இருபத்திமூணுங்க டீச்சர். இங்கிலீசு தேதி ஒம்பது. இது அதுக்கப்புறமேட்டு வருது."

கனகத்துக்குப் பொய் சொல்ல இரண்டு மூன்று வழிகள் தெரிந்திருந்தன. இயந்திரக் கோளாறு, வேறு குழந்தையின் எடை மாறி ஏறிவிட்டது, மேலிடத்தில் அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அவள் தரையில் அன்புக்கரசிக்கு எதிரே உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்காகப் பத்தாண்டுகளாகத் தரையில் உட்காராதவள்.

"பஸ் ஸ்டாப்புல உங்கூட்டுக்காரரைப் பாத்தேன். அம்மணி எப்படி இருக்குதுன்னு கேட்டேன். தேவலை, சோறு திங்குதுன்னாரு. நான் புள்ளையைத்தான் சொல்றாருன்னு..."

அன்புக்கரசி நிமிர்ந்து பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்துத் தயாராயிருந்த கனகத்துக்கு, அந்த முகத்தில் விளங்கிக்கொண்டதன் மெல்லிய திடுக்கிடல் மட்டுமே தெரிந்தது தாங்கமுடியாததாக இருந்தது.

"அவரு என்னையச் சொல்லியிருக்காருங்க. நாந்தான் கஞ்சித்தண்ணி கூடக் குடிக்காமக் கெடந்தேன்."

"தெரியும் கண்ணு. மார்ச்சுலதான் தெரிஞ்சுது."

"பிப்ரவரியில ஏழு எண்ணூறு. அப்ப அதுவுமாங்க? அவரு சொன்னாரா?"

"இல்ல. அது நானா எழுதுனது."

குழந்தை விரலை விட்டுவிட்டுத் தூங்கிப்போயிருந்தது. அன்புக்கரசி மீண்டும் திரையைப் பார்த்து, எதையோ மனத்துக்குள் கூட்டிப் பார்ப்பவள் போல உதட்டை அசைத்தாள். "இருந்திருந்தா அப்ப அந்த எட இருந்திருக்குமுங்களா? ஏழு எண்ணூறு?"

"இருந்திருக்கும்" என்றாள் கனகம். அதில் பொய் இல்லை.

நான்கு பதினைந்து. அவள் பிரத்யுஷா சொன்ன வழியைச் சொன்னாள். பழைய பதிவிலேயே இந்தக் குழந்தையைச் சேர்த்துவிடலாம். பிறந்த தேதியை மட்டும் மாற்றினால் போதும். ஐந்து நிமிட வேலை. அன்புக்கரசி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

"மாத்திப்போட்டா, பெரியவ எங்க இருப்பாளுங்க?"

கனகம் கை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"பேரு வெக்கறதுக்குள்ள போயிருச்சுங்க. போட்டோ கூட ஒண்ணு இல்ல. அவரு போனுல இருந்துச்சு, அந்தப் போனு தண்ணியில விழுந்துபோச்சு. எங்க ஊட்டுலயே ஒரு காயிதம் கெடையாது. அவளுக்கு இருக்கறது இந்த அம்மணிங்கற பேரு ஒண்ணுதான். அதும் இதுல மட்டுந்தான். அதையும் சின்னவளுக்குக் குடுத்துப்போட்டா, ரெண்டு பெத்தேன்னு நாளைக்கு நானே சொன்னாலும் ஆரு நம்புவாங்க?"

அப்படியானால் 'இறப்பு' என்ற கட்டம். கனகம் அதைத் தொட்டாள். தேதி கேட்டது. டிசம்பர் ஒன்பது என்று இட்டாள். இனி நடப்பது நடக்கட்டும் என்ற எண்ணம் வந்ததில் ஒரு விசித்திரமான நிம்மதிகூட இருந்தது. ஆனால் இயந்திரம் அவளுக்கு அந்த நிம்மதியை வழங்கவில்லை. *இறப்புத் தேதி, கடைசி எடைப் பதிவுக்குப் (பிப்ரவரி 27) பிந்தையதாக இருத்தல் வேண்டும்.* எடைப் பதிவை நீக்க மேற்பார்வையாளரின் ஒப்புதல். ஒப்புதலுக்கு ஒரு வாரம். பட்டியலுக்கு முக்கால் மணி நேரம்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாண்டுகளுக்கு முன் அவள் ஏறவிட்ட பொய், இப்போது உண்மையை உள்ளே விடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பிப்ரவரி இருபத்தெட்டு என்று இட்டால் கதவு திறக்கும். புதிய குழந்தை பட்டியலில் ஏறும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்; அவளையும் கேட்கமாட்டார்கள். குழந்தைக்காகச் செய்கிறோமா, தனக்காகவா என்பதைப் பிரித்தறியும் வசதியை அந்தச் சாயங்காலம் அவளுக்கு விட்டுவைக்கவில்லை.

"நெசமான தேதியை இது வாங்க மாட்டீங்குது கண்ணு. மாசியில போச்சுன்னு போட்டாத்தான் சின்னதுக்கு வழி விடுமாம். என்னால ஆன வெனை. நீ சொல்லு. வேண்டாம்னா நான் மேடத்துக்கிட்ட எல்லாத்தையும் சொல்லி, கால்ல விழுந்தாவது..."

"அஞ்சு மணிக்குள்ள ஆகுமுங்களா அது?"

"ஆகாது."

அன்புக்கரசி தூங்கும் குழந்தையின் உச்சந்தலையில் ஒட்டியிருந்த நாரொன்றை எடுத்துப்போட்டாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் கடிகாரம் நான்கரையைத் தாண்டியது; எங்கோ களத்தில் லோடு ஏற்ற ஆரம்பித்திருப்பார்கள்.

"பொட்டிக்குள்ள இருக்கற அம்மணி மாசியிலயே போகட்டுங்க" என்றாள். "என்னோட அம்மணி கார்த்திகையில போயிருச்சு. அது எனக்குத் தெரியும். ஆனா நெசத்தை நீங்க எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதிக் குடுக்கோணும்."

கனகம் எழுந்தாள். இரும்பு பீரோவின் அடித்தட்டில் பழைய எடைப் பதிவேடுகள் ஆண்டுவாரியாக நூல் கட்டிக் கிடந்தன. கைப்பேசியில் ஏற்றுவதற்கு முன் கையால் எழுதுகிற வழக்கத்தை அவள் விட்டதில்லை. முப்பத்தேழாம் பக்கம். அம்மணி, த/பெ மயில்சாமி. அவளுடைய குண்டுக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாத எண்கள். கடைசி மூன்று எண்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: *இக்குழந்தை டிசம்பர் 9, கார்த்திகை 23 அன்று இறந்தது. இதற்குப் பின்னுள்ள எடைகள் என்னால் எடுக்கப்படாமல் எழுதப்பட்டவை.* கையொப்பமிட்டு, தேதியிட்டு, பழக்கத்தால் மையத்தின் முத்திரையையும் குத்திவிட்டாள்.

அன்புக்கரசி நிறுத்தி நிறுத்தி முழுவதையும் படித்தாள். "இந்தத் தாளு எனக்கு வேணுமுங்க."

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்குது கண்ணு."

"தெரியுதுங்க."

கதவருகில் நின்றிருந்த ராசாத்தாள், "டீச்சர்..." என்றாள். அதில் எச்சரிக்கை இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எவரிடம் வேண்டுமானாலும் போகலாம். இன்னும் நான்காண்டுகளில் ஓய்வுபெற இருப்பவளின் பணியும் அதற்குப் பின் வரும் தொகையும் அந்த ஒற்றைத் தாளில் அடங்கும். ஒரு கட்டத்தையும் காலியாக விட்டறியாத கனகம், அடிக்கோலை வைத்துப் பக்கத்தின் ஓரத்தை அழுத்தி நிதானமாகக் கிழித்தாள். முப்பத்தாறுக்கு அடுத்து முப்பத்தெட்டு வந்தது.

அன்புக்கரசி தன் ஜவுளிக்கடைப் பையைத் திறந்தாள். ஆதார், ரேஷன் அட்டை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தத் தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி இருபத்தெட்டு. பழைய பதிவு சாம்பல் நிறமாகி மூடிக்கொண்டது. புதிய பக்கம் திறந்தது. பெயர்.

"இனி அம்மணி வேண்டாங்க. அது பெரியவளுது." குரலைத் தணித்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்து வைப்பவள் போலச் சொன்னாள்: "மதிவதனி. கோயல்ல சொல்லலாம்னு இருந்தோம்."

ம, தி, வ, த, னி. கனகம் ஒவ்வோர் எழுத்தாக இட்டாள். பிறந்த தேதி. எடை, ஆறு கிலோ நானூறு. நான்கு ஐம்பத்திரண்டு. இனி எஞ்சியிருப்பது தாயின் முகம் மட்டுமே. கனகம் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தாள். திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அன்புக்கரசி, அடியில், *கண்களைச் சிமிட்டவும்.*

"சிமிட்டு கண்ணு."

அவள் சிமிட்டவில்லை. கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் யாரோ நிற்பதுபோல அதையே உற்றுப் பார்த்திருந்தாள். கண்கள் நிறைந்து, நீர் விளிம்பில் நின்றது. வட்டம் சிவப்பாகி அணைந்தது. கனகம் மறுபடி தொடங்கினாள். நான்கு ஐம்பத்து நான்கு.

"சிமிட்டோணுமாம்" என்றாள் ராசாத்தாள் தவிப்புடன். "முழிச்சுட்டே இருந்தா போட்டோன்னு நெனச்சுக்குமாம். சிமிட்டுனாத்தான் ஆளு உசுரோட இருக்குதுன்னு நம்புமாம்."

இமை அசையவில்லை. சிமிட்டினால் அந்த நீர் வழிந்துவிடும் என்பது கனகத்துக்குத் தெரிந்தது; வழியவிடக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்திருப்பதும் தெரிந்தது. ஐம்பத்தாறு. வட்டம் மீண்டும் சிவப்பானது, மீண்டும் விரிந்தது. பேச்சரவத்தில் விழித்துக்கொண்ட குழந்தை மடியிலிருந்து கையை உயர்த்தி, திரையின் வெளிச்சத்தை எட்டிப்பிடிக்க முயன்றது. அது கைப்பேசியைத் தட்டிவிடுமோ என்று பதறிய ராசாத்தாள் குனிந்து, நாக்குப் பழகிய வாக்கில், குழந்தையையோ தாயையோ, "அம்மணீ, இங்க பாரு" என்று கூப்பிட்டாள்.

அன்புக்கரசியின் கண்கள் மூடின.

வட்டம் சுழலத் தொடங்கியது.